அண்ணனுக்கும் எனக்கும் இல்லாத ஒன்று

ஜனவரி 6, செவ்வாய்

காலை 98.4. மாலை 98.8.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ். கிறிஸ்துமஸ் அன்று கேக்கின் இரண்டாவது துண்டைக் கையில் எடுத்தபோது நடுக்கம் பிடித்தது. அந்தத் துண்டை யார் தின்றார்கள் என்று இதுவரை தெரியவில்லை. பாளையங்கோட்டையே புத்தாண்டுக்குப் புதுச்சேலை கட்டியபோது நான் ஆக்சிஜன் மாஸ்க் கட்டியிருந்தேன். மூன்று வருடத்தில் இது மூன்றாவது நிமோனியா.

காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று டாக்டர் உலகம்மாள் சொல்லியிருக்கிறார். அதற்காக என் கணவர் செல்வின் ஒரு டைரி வாங்கி வந்தார். ஒரு பக்கத்தில் இரண்டே எண்களை எழுதிவிட்டு மூட மனம் வரவில்லை. மீதி இடத்தில் நான் இருந்துகொள்கிறேன்.

எட்டு வருடமாக எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் உடம்பையே அடிக்கும் நோய். சர்ச்சில் ஒரு அம்மா, "சகோதரி எப்சிபாவைப் பிடித்திருக்கும் ரூபஸ் விலகட்டும்" என்று ஜெபித்தார். ரூபஸ் யார் என்று பக்கத்து வரிசைக்காரர் செல்வினிடம் விசாரித்தாராம்.

ஜனவரி 9, வெள்ளி

98.4. 98.4.

ஒரு மாதம் வேலை கூடாது என்றார் டாக்டர். மூன்று வாரம் என்று பேசி முடித்தேன். நானும் செல்வினும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். பெண்களுக்கு நான், ஆண்களுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அவர். இப்போது சமையலுக்கும் அவரே. இன்று வைத்த ரசத்தில் புளி இல்லை, மிளகு இல்லை, உப்பு மட்டும் மூன்று பேருக்கு இருந்தது. நல்லா இருக்கு என்றேன். நாளைக்கும் வைப்பார் போல.

மாத்திரை டப்பாவில் இந்த வாரமும் கொஞ்சம் மிச்சம். செல்வின் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

98.6. 98.4. விரல் கணுக்கள் வலிக்கின்றன. வாய்க்குள் புண். பனிக்காலம்தானே.

ஜனவரி 20, செவ்வாய்

98.4. 98.6.

டாக்டரிடம் போனோம். எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு யானையை அதட்டுகிற குரல் டாக்டர் உலகம்மாளுக்கு.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுதியளா?"

"போடுதேன் டாக்டர்."

என் விரல்களை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். ஏதோ எழுதினார். பிறகு, சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று கேட்டார். காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும், அதனால் எல்.கே.ஜி.யில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்றேன். ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இருபது நாள் படுத்ததையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத ஏன் எட்டு வருஷமா சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"தப்பு என்னுதுதான்," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இவ்வளவு நாளா லூபஸ் மேலயும் ஸ்டீராய்டு மேலயும் பழியப் போட்டுட்டு இருந்தோம். ஆறு வயசுல ஸ்டீராய்டும் கெடயாது, லூபஸும் கெடயாது. அப்ப எதுனால வந்துச்சு? அப்பா அம்மா சொந்தமா?"

"அப்பா, அம்மாவுக்கு அத்தை மகன்."

நான்கு குப்பி ரத்தம் எடுத்தார்கள். ஒன்று பெங்களூர் போகிறது. நான் போனதில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

98.4. 98.4.

மறுபடியும் காரில்! மாஸ்க், முழுக்கைச் சட்டை, தொப்பி, குளிர்க் கண்ணாடி. வெயில் லூபஸுக்கு ஆகாது. கண்ணாடியில் பார்த்தால் பேங்க் கொள்ளைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறேன். தும்மல், இருமல் இருந்தால் வகுப்புக்கு வர வேண்டாம் என்று கார் கதவில் ஒட்டிவிட்டோம்.

புது மாணவி சிஸ்டர் பிலோமினா. கான்வென்ட் ஹாஸ்டலுக்கு வேன் வாங்கியிருக்கிறார்களாம்; ஓட்டும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. வயது நாற்பத்தொன்று. ஒவ்வொரு கியருக்கும் ஒரு "இயேசுவே". இரண்டாவது கியருக்கு மேல் போவதில்லை. ஒரு ஆடு சாலையைக் கடந்து, புல் மேய்ந்து, திரும்பிக் கடக்கும்வரை காத்திருந்தார்.

"ஹாரன் அடிக்கலாம் சிஸ்டர்."

"பயந்துரும்லா, பாவம்."

யூ டர்ன் பழகப் பெருமாள்புரம் கூட்டிப்போனேன். அங்கே தெரு அகலம். அண்ணன் கிதியோன் வீடும் அந்தத் தெருவில்தான். அது தற்செயல். வாசலில் ஸ்கூட்டர் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

98.4. 98.6. பெருமாள்புரத்தில் யூ டர்ன். ஸ்கூட்டர் நின்றது. கொடியில் பச்சைச் சீருடை காய்ந்தது. அவன் மகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள் போல.

பிப்ரவரி 10, செவ்வாய்

98.6. 98.4.

முடிவு வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன். ரத்தத்தில் ஒரு புரதக் கூட்டம் உண்டு. கிருமி உள்ளே வந்தால் ஒருவர் அடுத்தவரைத் தட்டி எழுப்ப வேண்டும், அவர் அடுத்தவரை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து கிருமியைப் பிடித்துக் கொடுப்பார்கள். அந்த வரிசையில் சி2 என்று ஒரு ஆள். என் ரத்தத்தில் அந்த ஆளே கிடையாது. பிறந்ததிலிருந்தே.

"உடம்புல செத்துப்போற செல்லை அள்ளிப் போடுறதும் இதே கூட்டம்தான்," என்றார் டாக்டர். "அந்தக் குப்பை தேங்கித் தேங்கித்தான் சில பேருக்கு லூபஸே வருது. ஆக உங்களுக்கு லூபஸ் வந்ததுக்கும், நிமோனியா திரும்பத் திரும்ப வாரதுக்கும் வேர் ஒண்ணா இருக்கலாம். அப்பாகிட்ட இருந்து ஒரு பழுது, அம்மாகிட்ட இருந்து ஒரு பழுது. அவங்களுக்கு ஒண்ணொண்ணுதான் இருந்துச்சு, தெரியாமலே இருந்திட்டாங்க. நீங்க ரெண்டையும் வாங்கிட்டு வந்திட்டிய."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வின் பயந்து என் கையைப் பிடித்தார். சந்தோஷச் சிரிப்பு என்று எப்படிச் சொல்வது? மூன்று வருடமாக, நான் எதைத் தொட்டேன், எதைத் தின்றேன், யாரிடமிருந்து ஒட்டியது என்று யோசித்து யோசித்துக் களைத்துப்போனேன். கடைசியில் மாத்திரைமேல் சந்தேகம் வந்தது. அதையும் அங்கேயே சொல்லிவிட்டேன்: அக்டோபரிலிருந்து லூபஸ் மாத்திரையில் பாதிதான் விழுங்கினேன். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைத்தால் காய்ச்சல் வராது என்று நினைத்தேன்.

டாக்டருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "விரலப் பாத்தாலே தெரியுமே. லூபஸ் ஏறினா கிருமிக்குத்தான் கொண்டாட்டம். இனிமே முழுசாப் போடணும். கூடத் தடுப்பூசி போடுதேன். காய்ச்சல் நூறைத் தாண்டினா நாளைக்குப் பாப்போம்னு இருக்கக் கூடாது, உடனே வரணும். அவ்வளவுதான். நெறைய வருஷம் வண்டி ஓட்டலாம்."

செல்வின் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணினார். பிறகு அவரும் சிரித்தார், கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒன்று எழுத விட்டுப்போனது. கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, யாரும் இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு அண்ணன், வெளியூரில் இருக்கிறான் என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

98.4. 98.4.

"பெருமாள்புரம் எப்பட்டி வெளியூராச்சு?" என்று செல்வின் கேட்டார், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

இதை எழுதித் தொலைத்துவிடுகிறேன். கிதியோன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். என்னை சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன். மூன்று வருடத்துக்கு முன் அவன் மகள் ஜெரூஷாவுக்கு ஆறாவது பிறந்தநாள். பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கேக்கை முதலில் எனக்குத்தான் ஊட்டினாள். இரண்டு வாரத்தில் எனக்கு முதல் நிமோனியா, ஐ.சி.யூ. அதன் பிறகு அவன் வரவில்லை. போன் செய்தால் ஒரு வரி. கிறிஸ்துமஸுக்கு முறுக்கையும் கேக்கையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான், நாங்கள் வீட்டில் இருக்கும்போதே. என் நோய் பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று அவன் மனைவி, ஜாஸ்மின் மைனி, பயந்திருப்பாள். லூபஸ் ஒட்டாது. அதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்களிடம் நான் ஏன் போய் நிற்க வேண்டும்?

"உன் கோவத்த நீ வச்சுக்கோ," என்றார் செல்வின். "அவன் ரத்தம் அவனுக்குத் தெரியணும்லா?"

பிப்ரவரி 14, சனி

98.4. 98.6.

வாட்ஸப்பில் கிதியோனுக்கு ஒன்பது முறை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: 'டாக்டர் உன் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். பரம்பரை விஷயம். ஆஸ்பத்திரி லேப் காலை ஏழு மணிக்குத் திறக்கும். எப்சிபா.'

பதில்: 'சரி.'

பிப்ரவரி 19, வியாழன்

98.4. 98.4.

தடுப்பூசிக்குப் போனேன். கிதியோன் திங்கட்கிழமையே வந்து ரத்தம் கொடுத்துவிட்டானாம். லேப் பெண் சொன்னாள்: "உங்க அண்ணன் ஊசியப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டாங்க அக்கா. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புனோம்."

லேபில் நான் சிரிக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரித்தேன்.

பிப்ரவரி 25, புதன்

98.4. மாலை பார்க்க மறந்துவிட்டேன். சிஸ்டர் பிலோமினா மூன்றாவது கியர் போட்டார்! உடனே மன்னிப்புக் கேட்டார், கியரிடம்.

மார்ச் 10, செவ்வாய்

98.6. 98.4.

கிதியோனுக்கும் இல்லை.

அதே சி2. அதே இரண்டு பழுது. அவனுக்கு லூபஸ் வரவில்லை, பெரிய காய்ச்சலும் வந்ததில்லை. "எல்லாருக்கும் வரணும்னு கெடயாது," என்றார் டாக்டர். "ஒரே குறைதான், ஒருத்தருக்குக் கொட்டிட்டுப் போகும், இன்னொருத்தரத் தொடாமலே நாப்பது வருஷம் இருக்கும். அதுக்காக இனியும் தொடாதுன்னு சொல்ல முடியாது. தடுப்பூசி போட வரச் சொல்லுங்க. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லவா?"

நான் சொல்கிறேன் என்றேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக நானும் கிதியோனும் போனில் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினோம்.

"நல்லாத்தானட்டி இருக்கேன். ஒரு நாள் லீவு போட்டது கெடயாது."

"ஊசிக்குப் பயமா?"

"லேப்ல சொல்லிட்டாளா? மார்ச் முடியட்டும். ஆபீஸ்ல வருஷக் கடைசி வேலை தலைக்கு மேல கெடக்கு."

"காய்ச்சல் வந்தா மட்டும் காத்திருக்காத."

"சரி." பிறகு, போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தபோது, "நீ மாத்திரை போடுதியா?" என்றான்.

ஜாஸ்மினுக்கு டாக்டர் சொன்னதையெல்லாம் தனியாக எழுதி அனுப்பினேன். பெண்கள்தான் இதை நினைவில் வைத்திருப்பார்கள்.

மார்ச் 21, சனி

காலை 98.4. மாலை 98.6.

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

பத்து மணிக்கு சிஸ்டர் பிலோமினாவுக்கு வகுப்பு. மகாராஜநகர் தாண்டும்போது போன். ஜாஸ்மின்.

"எப்சி, காலைல இருந்து நடுங்குதாரு. நூத்தி மூணு. வெயில்ல அலைஞ்சதுன்னு சொல்லி எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லுதாரு. இப்போ பேச்சு குழறுது. ஆட்டோக்காரர் போன எடுக்கல. நீ எழுதினதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருக்கேன்."

"வாரேன் மைனி. செருப்பப் போடச் சொல்லு."

இடம் மாறி நானே ஓட்டலாம் என்று வாய் திறப்பதற்குள் சிஸ்டர் கேட்டார்: "அந்த யூ டர்ன் தெருதானே?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது கியரை அவர் தொட்டதே இல்லை. "இயேசுவே" இல்லை, வாயை இறுக்கி மூடியிருந்தார். நேராக அவன் வாசலில் கொண்டு நிறுத்தினார்.

ஜாஸ்மினும் பக்கத்து வீட்டு அம்மாவும் அவனைப் பிடித்து ஏற்றினார்கள். நான் பின்னால் திரும்பி மாஸ்க்கை நீட்டினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மூன்று வருடத்தில் அவனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். "நீ வராதட்டி. எறங்கு. உனக்கு ஒட்டிரும்."

"பேசாம இரு அண்ணே."

"யூ டர்ன் பழக," மூச்சு வாங்கியது, "ஊர்ல வேற தெருவே இல்லியாட்டி? வாரத்துக்கு நாலு தடவை."

சிஸ்டர் பிலோமினா முதல் முறையாக ஹாரன் அடித்தார். அடித்தார் என்றால், வண்ணார்பேட்டை ரவுண்டானா வரை கையை எடுக்கவில்லை. எல் போர்டு போட்ட வெள்ளைக் காரை ஒரு கன்னியாஸ்திரி இந்த வேகத்தில் ஓட்டுவதைப் பார்த்து ஒரு அரசுப் பேருந்தே ஒதுங்கி நின்றது. கற்றுக்கொடுப்பவருக்காக என் பக்கமும் உள்ள பிரேக்கில் கால் வைத்திருந்தேன். ஒரு முறைகூட மிதிக்கத் தேவைப்படவில்லை.

டாக்டருக்கு நான் வழியிலேயே போன் செய்திருந்தேன். வாசலில் நின்றார். ரத்தம் எடுத்த கையோடு மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை ஊசிக்கு அவன் மயங்கவில்லை. மயங்குவதற்கு நினைவு வேண்டுமே.

நானும் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

எனக்கு 98.4. அண்ணனுக்கு 102.

மார்ச் 23, திங்கள்

98.4. அண்ணனுக்கு 100.2. இட்லி கேட்டானாம். ஒன்று தின்றானாம்.

மார்ச் 24, செவ்வாய்

98.4. 98.4. அண்ணன் 98.8!

ரத்தத்தில் நிமோனியாக் கிருமி வளர்ந்திருக்கிறது. "சாயங்காலம் வரைக்கும் எலுமிச்சம்பழம் குடிச்சிட்டு இருந்திருந்தா, நாம இப்ப வேற மாதிரி பேசிட்டு இருப்போம்," என்றார் டாக்டர் உலகம்மாள். காரணம் முன்பே தெரிந்திருந்ததால் எந்த மருந்து என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லையாம்.

மாலையில் என்னை உள்ளே விட்டார்கள், இரண்டு மாஸ்க்கோடு. கட்டிலுக்கு ஆறடி தள்ளி நாற்காலி. அதையும் அண்ணன் இன்னும் தள்ளிப் போடச் சொன்னான்.

"ஏன் அண்ணே வரல?" என்றேன். வேறு மாதிரி தொடங்கத்தான் நினைத்திருந்தேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னைக்கு ஐ.சி.யூ. கண்ணாடி வழியா உன்னப் பாத்தேன். மூக்குல, வாய்ல எல்லாம் குழாய். ஏம் பிள்ள ஊட்டுன கேக்குனால தங்கச்சி போயிருவான்னு நெனச்சேன். பொழச்சு வந்தா அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன். எங்க வீட்டுல மாத்தி மாத்தி சளி. எதக் கொண்டாந்து உனக்குக் கொடுப்பேன்னு பயம்."

"அத ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ வான்னு சொல்லுவ. நீ சொன்னா நான் வந்துருவேன்லா."

நான் ஜாஸ்மினைப் பார்த்தேன். மூன்று வருடமாக மனத்துக்குள் அவளோடு போட்ட சண்டைகளையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் ஆரஞ்சுப் பழத் தோலை உரித்துக்கொண்டு, "தெனமும் இத எங்கிட்டச் சொல்லி அழுவாரு. நேர்ல போய்ச் சொல்லுங்கன்னா மாட்டாரு," என்றாள்.

அந்தக் கிருமி நிறையப் பேர் மூக்கில் இருப்பது, யாரிடமிருந்தும் வந்திருக்கலாம், நம் இரண்டு பேருக்கும் பிறக்கும்போதே ஒரு ஆள் குறைவு என்று சொன்னேன். நான் சொன்னால் நம்ப மாட்டான் என்று டாக்டரையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அவர் அதட்டிச் சொன்னதும் நம்பினான்.

"ஜெரூஷாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

"அத்தை வெளியூருக்குப் போயிட்டான்னு."

நான் டாக்டரிடம் சொன்னதும் அதேதான் என்றேன். சிரித்தான், இருமினான், நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

மார்ச் 31, செவ்வாய்

98.4. 98.4. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். சிஸ்டர் பிலோமினா டெஸ்டில் பாஸ். இன்ஸ்பெக்டர், "கொஞ்சம் மெதுவாப் போங்க சிஸ்டர்," என்றாராம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

98.4. 98.6.

விரல் வலி குறைந்துவிட்டது. முழு மாத்திரையின் புண்ணியம். வாய்ப்புண்ணும் போய், ஆறு மாதத்துக்குப் பிறகு மாங்காய் ஊறுகாய் தின்றேன்.

ஜெரூஷாவின் பரிசோதனை வந்துவிட்டது. அப்பாவிடமிருந்து ஒரு பழுது கட்டாயம் அவளுக்கு வந்திருக்கும் என்றார் டாக்டர். ஆனால் அம்மாவிடமிருந்து வந்தது நல்லது. ஒன்று நல்லதாக இருந்தால் போதும். ரத்தம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஜாஸ்மின் போனில் கத்தினாள்: "எங்க வீட்டுச் சாமான் எப்பவுமே நல்ல சாமான்தான் எப்சி!" அவர்கள் கல்யாணத்தில் அம்மா, சொந்தத்தில் பெண் இருக்க அந்நியத்தில் எடுப்பானேன் என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். அம்மா இன்று இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

நாளைக்கு அண்ணனுக்குத் தடுப்பூசி. கையைப் பிடித்துக்கொள்ள நான் வர வேண்டுமாம்.

ஏப்ரல் 11, சனி

98.4. மாலை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். மூன்று பேரும் மாஸ்க்கோடு. அண்ணன் கையில் சோப்புத் தண்ணீர்ப் பாட்டில். வாசல் குழாயில் வரிசையாக நிற்க வைத்துக் கை கழுவ வைத்தான், செல்வினையும் சேர்த்து. அவர் சொந்த வீட்டில் அவரையே. பிரியாணி செல்வின் செய்தது. உப்பு சரியாக இருந்தது. நான் இரண்டு முறை ருசி பார்த்துவிட்டேன்.

ஜெரூஷா வளர்ந்துவிட்டாள். முன்பல் இரண்டும் புதிது. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள். நான் எந்த வெளியூரிலிருந்து வந்தேன் என்று கேட்பாளோ என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பேச உட்கார்ந்த நேரத்தில் மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளில் சாய்ந்தாள். அண்ணன் பாதி எழுந்தான். ஜாஸ்மின் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிள்ளை என் காதோடு வந்து ரகசியமாகக் கேட்டாள்:

"அத்தை, உங்ககிட்ட சளி ஏதாவது இருக்கா? கொஞ்சமாப் போதும். திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை."